மாத்திரை மட்டும் போதாது, மலசலகூடமும் வேண்டும்

(பொல்பிட்டியவில் நடந்த தோட்டக் கமிட்டி, மாதர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளப் பேச்சு என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்று அந்தச் சம்பளத்துக்காக உழைக்கிற உடம்பைப் பற்றிப் பேசுவோம். நமக்குத் தெரியாமலே அந்த உடம்பிலிருந்து இரத்தம் குடிக்கிற கொக்கிப்புழுவைப் பற்றிப் பேசுவோம்.

ஆசிரியர்களாகிய எங்கள் வகுப்புகளில் இரண்டாம் பாடத்திலேயே தலை சாய்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பைக் காணோம், வெளிறிக் கிடக்கிறது. "படிப்பில் கவனம் இல்லை" என்று நாங்களே திட்டியிருக்கிறோம். அந்தப் பிள்ளையின் தாய் கொழுந்துக் கூடையோடு மலை ஏறும்போது மூச்சு வாங்கி நின்றால், அவளுக்குச் சோம்பேறி என்று பெயர். பாட்டிமாருக்கும் அதே பெயர்தான் கிடைத்தது. அது சோம்பலா, சோகையா என்று கேட்டவர்கள் குறைவு.

சோகை எல்லாமே புழுவால் வருவதில்லை. கீரையும் மீனும் குறைந்த சாப்பாடு ஒரு காரணம். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடிப்பதும் ஒரு காரணம், சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை அது உடம்பில் சேரவிடாது. ஆனால் குறைவாகச் சாப்பிடுகிற உடம்பில் புழுவும் சேர்ந்துகொண்டால் இருக்கிற இரத்தமும் போய்விடும்.

இந்தப் புழு எப்படி வருகிறது? புழு உள்ள ஒருவர் வெளியில் மலம் கழித்தால் அதில் முட்டைகள் இருக்கும். ஈரமும் நிழலும் சூடும் உள்ள மண்ணில் அவை பொரித்து, ஒரு வாரம் பத்து நாளில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப் புழுவாகக் காத்திருக்கும். வெறுங்காலோடு மிதிக்கிறவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும். இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து கடித்துக்கொள்ளும். அங்கேயே வருடக்கணக்கில் இருக்கும். ஒரு புழு குடிப்பது கொஞ்சம்தான். நூறு, இருநூறு என்று சேரும்போதுதான் ஆளைச் சாய்க்கும்.

இது தோல் வழியாக நுழைகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் எகிப்தில் வேலை செய்த ஆர்தர் லூஸ் என்ற ஆராய்ச்சியாளர். குஞ்சுப் புழுக்கள் இருந்த தண்ணீர் தவறுதலாக அவர் கையில் சிந்தியது. கை அரித்தது. பிறகு அவருடைய மலத்திலேயே முட்டைகள் வந்தன. 1898இல் அதை எழுதி வெளியிட்டார். அதே லூஸ் 1911இல் நம் நாட்டு மரநாய் ஒன்றில் இருந்த வேறொரு கொக்கிப்புழுவுக்கு 'சிலோன்' என்ற சொல்லை வைத்தே பெயரிட்டார். அந்த இனம் நாய், பூனையிலும் மனிதரிலும் வாழக்கூடியது. லயத்து வாசலில் படுக்கிற நாய்க்கும் புழு மருந்து வேண்டும் என்று நாம் சொல்வது அதனால்தான்.

இப்போது நம் கதைக்கு வருவோம். 1916இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். சோதித்த இடங்களில் பத்துத் தொழிலாளரில் ஒன்பது பேருக்கு மேல் புழு இருந்தது. தைமோல், கீனோபோடியம் எண்ணெய் என்ற கடும் மருந்துகளைக் கொடுத்தார்கள். புழு விழுந்தது, மக்கள் தெளிந்தார்கள். ஆனால் அதே மக்கள் மறுபடி அதே மண்ணில்தான் வெறுங்காலோடு நடந்தார்கள். மலசலகூடம் கட்டுவது செலவு என்று தோட்டத் துரைமார் பலர் தயங்கினார்கள். குணமானவர்களுக்குத் திரும்பவும் புழு வந்தது. மருந்தில் பிழை இல்லை, மண்ணைச் சுத்தமாக்காமல் விட்டதுதான் பிழை.

இது நமக்கு மட்டும் நடந்தது என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து சென்ட் கோட்டார்ட் ரயில் சுரங்கம் வெட்டிய தொழிலாளர்கள் 1880 அளவில் இதே சோகையால் விழுந்தார்கள். ஈரமும் சூடும் நிறைந்த சுரங்கம், அதற்குள் கக்கூஸ் கிடையாது. கொக்கிப்புழுதான் காரணம் என்று இத்தாலியின் பெரொன்சிட்டோ காட்டினார். பிறகு 1898இல் அதே மலைத்தொடரில் சிம்ப்ளோன் சுரங்கம் வெட்டத் தொடங்கினார்கள். இந்த முறை தொழிலாளருக்கு மலசலகூடமும் குளிக்கிற இடமும் உடுப்பு மாற்றுகிற இடமும் கொடுத்தார்கள். பழைய நோய் அங்கே பரவவில்லை. அதே மலையில் அதே மாதிரி வேலைதான். வசதிதான் வேறு.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். 1869இல் இந்த மலைநாட்டுக் கோப்பிச் செடியின் இலையில் மஞ்சள் துரு வந்தது. அதை ஆராய மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானியை 1880இல் இங்கே அனுப்பினார்கள். துருப் பூஞ்சணம் காற்றில் தூளாகப் பறந்து பரவுகிறது என்றும், கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரே பயிரை நட்டது அதற்கு வசதியாகிவிட்டது என்றும் அவர் காட்டினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது, கோப்பி அழிந்து தேயிலை வந்தது. அந்த அனுபவம் வீண் போகவில்லை. 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் வந்தது, இன்று அது தலவாக்கலையில் இருக்கிறது. 1946இல் தேயிலையில் கொப்புள நோய் வந்தபோது ஆராய்ச்சி செய்தார்கள், செம்பு மருந்து அடிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இன்றும் மழைக் காலத்தில் ஒருமுறை அடித்துவிட்டுப் போய்விடுவதில்லை. கொழுந்து வளர வளரத் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள், கவ்வாத்து வெட்டிய மலையைக் கூடுதலாகக் கவனிக்கிறார்கள்.

அதை நாம் குறை சொல்லவில்லை. தேயிலை வாழ்ந்தால்தான் நாமும் வாழ்வோம். இலையில் கொப்புளம் வந்தால் எடுக்கிற அக்கறையை, அந்த இலையைப் பறிக்கிறவளுக்குச் சோகை வந்தாலும் எடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

சரி, இனி என்ன செய்வது?

நம் வீட்டில் தொடங்குவோம். பாடசாலையில் தரும் புழு மாத்திரையைப் பிள்ளை விழுங்கியதா என்று கேளுங்கள். கர்ப்பிணிகள் தாங்களாக மாத்திரை வாங்கிப் போட வேண்டாம், முதல் மூன்று மாதம் கழிந்த பிறகு மருத்துவ மாது சொல்கிறபடி எடுங்கள். சின்னப் பிள்ளையைக் கானில் இருத்தும் பழக்கத்தை விடுவோம். மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்யும்போதும் காலுக்கு ஏதாவது போடுவோம். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணீருக்கும் இடையில் ஒரு மணி நேரம் விடுவோம்.

ஆனால் கையைக் கழுவு, செருப்பைப் போடு என்று நமக்குப் புத்தி சொல்வதோடு மற்றவர்களின் கடமை முடிந்துவிடாது. காலையிலிருந்து மாலை வரை மலையில் நிற்கிற பெண் எங்கே ஒதுங்குவாள்? பீலியில் தண்ணீர் வராத நாளில் எந்தக் கையை எதில் கழுவுவது? கதவு இல்லாத, குழி நிரம்பிய கக்கூசுக்குள் எந்தக் குமரிப் பிள்ளை போகும்? இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நிர்வாகமும் அரசாங்கமும்தான்.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு கணக்கு எடுத்து வர வேண்டும். லயத்தில் எத்தனை குடும்பம், பாவிக்கக்கூடிய மலசலகூடம் எத்தனை, தண்ணீர் எத்தனை மணி நேரம் வருகிறது, மலையில் பெண்களுக்கு ஒதுங்க இடம் உண்டா, கடைசியாகப் புழு மாத்திரை கொடுத்தது எப்போது. ஐந்து கேள்விதான். எழுதத் தெரிந்த பிள்ளை வீட்டுக்கு வீடு இருக்கிறது. அந்தக் கணக்கோடு நிர்வாகத்திடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் போவோம். வெறும் முறைப்பாட்டைத் தட்டிக்கழிக்கலாம், எழுதிய கணக்கைத் தட்டிக்கழிப்பது கடினம்.

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 1934-35இல் ஆயிரமாயிரம் பேரைக் கொன்ற மலேரியாவை இந்த நாடு ஒழித்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றிதழ் கொடுத்தது. மக்களைத் தேடிப் போய், காய்ச்சல்காரரின் இரத்தத்தைச் சோதித்தது அதற்குப் பெரிதும் உதவியது.

1916இல் நம் பாட்டன் பூட்டன்மாரைச் சோதித்து மருந்து கொடுத்தார்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இன்று நமக்குச் சங்கம் இருக்கிறது, கேட்கத் தெரியும். கேட்போம்.