வளைந்த சைக்கிளும் வழிக்கு வரும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நான் மேடைப் பேச்சாளன் அல்லன். இதே பள்ளியில் படித்து, பிறகு இரும்பைப் பற்றவைத்துப் பிழைத்தவன். ஆகவே எனக்குத் தெரிந்ததையே பேசுகிறேன். உள்ளே வரும்போது வேலியோரம் பிரேம் கெட்ட சைக்கிள்கள் மூன்று கிடக்கக் கண்டேன். "அது பழைய இரும்புக்குப் போகுதுங்க" என்றான் ஒரு பையன். போகத்தான் வேண்டுமா? அதுதான் என் பேச்சு.

என் அப்பா பால்மரம் வெட்டியவர். அவருடைய கறுப்பு சைக்கிளின் பின்னால் இரு பக்கமும் பால் வாளி தொங்கும். ஞாயிற்றுக்கிழமை அதைத் துடைப்பது என் வேலை. 1971இல் ஒரு நாள் அப்பாவுக்குத் தெரியாமல் ஓட்டிப் போய்க் கால்வாயில் விட்டேன். அடுத்த ஞாயிறு துடைக்கும்போது, ஹாண்டலுக்குக் கீழே, கீழ்க்குழாய் வந்து சேரும் இடத்தில், மயிரிழை போல ஒரு துருக்கோடு தெரிந்தது. அடி விழுமே என்று வாயைத் திறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, பால் கொட்டகைக்கு இறங்கும் சரிவில் அந்த இடமே பிளந்தது. அப்பாவின் தோள் எலும்பு முறிந்தது. அன்றைய பால் முழுவதும் மண்ணில். வெட்டினால்தான் கூலி. ஆறு வாரம், அம்மா ஒருத்தி சம்பளத்தில் ஆறு பேர் சாப்பிட்டோம்.

கட்டிலில் கிடந்த அப்பாவிடம் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அவர் அடிக்கவில்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா கொஞ்சக் காசுல முடிஞ்சிருக்கும்டா" என்றார். அவ்வளவுதான். அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"அதைத் தூக்கிப் போடு" என்றது லயம். நான் பட்டணத்துச் சீனர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தவுக்கே உடைந்த குழாயைக் காய்ச்சிக் கழற்றி, இன்னொரு பழைய பிரேமிலிருந்து எடுத்த குழாயைப் பொருத்தினார். கூலிக்குப் பதிலாக ஆறு ஞாயிறு அவர் கடையைக் கூட்டினேன். பிறகு அதே சைக்கிளில்தான் இடைநிலைப் பள்ளிக்குப் போனேன்.

குழாய் எப்படிக் கழன்றது தெரியுமா? பழைய இரும்பு பிரேமில் குழாய்களை மூட்டுகளுக்குள் செருகி, இடுக்கில் பித்தளையை உருக்கி ஓடவிட்டிருப்பார்கள். தட்டார் நகை பற்றவைக்கப் போடும் வெண்காரம் இங்கேயும் உதவும். பித்தளை ஏறக்குறைய 900 டிகிரி செல்சியசில் உருகும். இரும்புக்கோ ஏறக்குறைய 1,500 டிகிரி வேண்டும். ஆகவே பித்தளை ஓடும்போதும் குழாய் உருகாது. மறுபடி காய்ச்சினால் மூட்டு விட்டுக்கொடுக்கும். புதுக் குழாய் ஏறும்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் செய்யக்கூடிய சோதனைகள் மூன்று உண்டு.

முதலாவது, காந்தம். பிரேமில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம்.

இரண்டாவது, ஈரத்துணி. மூட்டுகளின் ஓரத்தைத் துடைத்துப் பாருங்கள். சாயம் சுருங்கியிருக்கிறதா, துருக்கோடு ஓடுகிறதா? முன்பக்கம் மோதிய சைக்கிளானால் ஹாண்டலுக்குக் கீழே கட்டாயம் பாருங்கள்.

மூன்றாவது, நூல். பின்சக்கர அச்சு உட்காரும் ஒரு பக்கத்தில் நூலைக் கட்டி, முன்னால் ஹாண்டல் குழாயைச் சுற்றி, மறுபக்கத்து அச்சு முனைக்கு இழுத்துக் கட்டுங்கள். ஆசனக் குழாயிலிருந்து இரு பக்க நூலுக்கும் உள்ள தூரத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றானால் பிரேம் நேர். வேறானால் கோணல்.

கோணலாகிவிட்டால் என்ன செய்வது? மடிப்பு விழாமல் வளைந்த இரும்பு பிரேமைத் தெரிந்தவர் காய்ச்சாமலே நிமிர்த்திவிடுவார். மடிப்போ விரிசலோ கண்டால் குழாயை மாற்ற வேண்டும். "மேலாக ஒரு பற்று வைச்சா போதும்" என்பார்கள். நம்பாதீர்கள், பக்கத்திலேயே மறுபடி விடும். முன் ஃபோர்க் விரிந்தால் மாற்றியே ஆக வேண்டும். அதில் சிக்கனம் பார்த்தால் முகம்தான் போகும். அலுமினியத்தைக் காய்ச்சினால் வலு குறையும், வளைத்து நிமிர்த்தினால் விரியும். அதைச் சாதாரணப் பட்டறையில் கொடுக்காதீர்கள்.

பெற்றோர்களே, நம் ஊர் மழையில் பிரேம் உள்ளிருந்தும் துருப்பிடிக்கும். ஆசனத்தைக் கழற்றிச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, தேங்கிய நீரை வடியவிடுங்கள். காய்ந்த பிறகு குழாய்க்குள் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். ஒரு சைக்கிள் பல காலம் உழைக்கும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை வந்து, "அப்பா, சைக்கிள்ல ஒரு கோடு தெரியுது, நான்தான் மோதிட்டேன்" என்று சொன்னால் கை ஓங்காதீர்கள். அடிக்குப் பயந்து நான் வாய்மூடி இருந்ததற்கு என் அப்பா தோளைக் கொடுத்தார்.

வேலியோரத்து மூன்று சைக்கிள்களையும் நூல் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மேடையேறினேன். இரண்டு இரும்பு, பிழைக்கும். ஒன்று அலுமினியம், அதன் சக்கரமும் சங்கிலியும் மற்ற இரண்டுக்கும் ஆகும். தலைமையாசிரியர் அனுமதி தந்தால், அடுத்த மாதத்திற்குள் இரண்டையும் சரிசெய்து கொண்டுவருகிறேன். பள்ளிக்கு நெடுந்தூரம் நடந்து வரும் இரண்டு பிள்ளைகளுக்கு அவற்றைக் கொடுங்கள்.