ஆபரேஷனுக்கு முந்தைய அச்சமும் தியானமும்

புற்றுநோய்க்கு ஆபரேஷன் நாள் குறித்த பிறகு வரும் அச்சம் மனத்தோடு நிற்பதில்லை. அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, தூக்கம் போய்விடுகிறது, சோறு இறங்க மறுக்கிறது. தெம்போடு இருக்க வேண்டிய உடல் முன்கூட்டியே களைத்துப்போகிறது.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து நோயாளிகளுக்கு இந்தக் காத்திருப்போடு அலைச்சலும் சேர்ந்துகொள்கிறது. முண்டியம்பாக்கத்தில் 2010இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருந்தாலும், புற்றுநோய் என்றதும் பலர் புதுச்சேரி ஜிப்மருக்கும் சென்னை அடையாறு, காஞ்சிபுரம் காரப்பேட்டை புற்றுநோய் மருத்துவமனைகளுக்கும் பஸ் ஏறுகிறார்கள். ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் சீட்டோடு உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் அச்சம் வளர்கிறது.

அந்த அச்சத்தில் ஒரு பகுதி தியானத்தால் தீராதது. "கத்தி வைத்தால் பரவிவிடும்" என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். அது தவறு. கட்டி ஓரிடத்தில் இருக்கும்போதே முழுதாக எடுத்துவிடுவதுதான் பல புற்றுநோய்களில் குணமாவதற்கான முதல் வழி; பயந்து நாளைத் தள்ளிப்போடுவதே ஆபத்து. மயக்கம் எப்போது தெளியும், மார்பை முழுதும் எடுப்பார்களா, காப்பீட்டு அட்டையில் செலவு அடங்குமா என்ற கேள்விகளுக்கு மருத்துவரும் செவிலியரும் பதில் சொல்ல வேண்டும். கேட்பது நோயாளியின் உரிமை.

பதில் கிடைத்த பிறகும் மிஞ்சும் படபடப்புக்குத்தான் தியானம். மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடும்போது வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. காலையும் மாலையும் பத்து நிமிடம் போதும். ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பே பழகியிருந்தால் தியேட்டர் வாசலில் கைகொடுக்கும். மனம் ஓடினால் மறுபடி மூச்சுக்குத் திரும்புவதே பயிற்சி. இதற்கு மதம் தடையில்லை. வள்ளலார் வழி நிற்பவர் ஜோதியை நினைக்கலாம், ஜெபமாலையோ தஸ்பீஹ் மணியோ உருட்டுகிறவர் அதையே நிதானமாகச் செய்யலாம். கண்ணை மூடினால் பயம் கூடுகிறவர்கள் திறந்தே வைத்துக்கொள்ளட்டும்.

பெங்களூரில் மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களிடையே நடந்து 2008இல் வெளியான ஆய்வில், யோகப் பயிற்சி பெற்றவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். தையலும் சீக்கிரம் பிரிக்கப்பட்டது. 69 பேரின் விவரங்களை மட்டுமே கொண்ட சிறிய ஆய்வு அது. 2023இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் இன்னோர் அமைப்போடு இணைந்து வெளியிட்ட வழிகாட்டுதல், சிகிச்சை நடக்கும்போதும் முடிந்த பிறகும் வரும் பதற்றத்துக்கு மனக்கவனத் தியானத்தைப் பரிந்துரைக்கிறது. ஜிப்மரிலேயே 2008 முதல் யோக சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

தியானம் கட்டியைக் கரைக்காது. கரைக்கும் என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது. மூச்சை அடக்குவது, கபாலபாதி போல வேகமாக விடுவது இரண்டையும் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு நுரையீரலில் சளி தங்காமலிருக்க மூன்று பந்து உள்ள கருவியைத் தந்து மூச்சை இழுக்கச் சொல்வார்கள்; முன்பே மூச்சைப் பழகியவருக்கு அது எளிதாக வரும்.

தூக்கமின்மையும் அழுகையும் நாள்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். உடனிருக்கும் மகளோ கணவரோ கூட அழைக்கலாம்.