கண்டிப்புக்கு முன் செவிமடுத்தல்

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிந்த இலங்கை உள்நாட்டுப் போரில் தப்பி, செட்டிகுளம் முகாம்களில் அடைபட்ட வன்னிக் குடும்பங்களைப் பற்றி 2010இல் எழுதிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், தனிமனிதரைக் கடந்து குடும்ப உறவையும் ஊரின் நம்பிக்கையையும் சிதைக்கும் பாதிப்பைக் கூட்டு மனவடு என விளக்கினார். அவ்வடுவைச் சுமக்கும் வீட்டில் பிள்ளையின் பிடிவாதம் பலவேளை அச்சத்தின் மறுவடிவமாக இருப்பதால், பிரம்பு அதனை அடக்குமேயன்றி ஆற்றாது. பரிவான வளர்ப்பு என்பது கேட்டதையெல்லாம் கொடுப்பதன்று; பிள்ளையின் உணர்வை ஏற்று, அதன்பின் தகாததைத் தகாதென்று உறுதியாகச் சொல்வதாகும். தம்பியை அடித்த பிள்ளையின் கோபத்தை முதலில் கேட்டறிந்து, பின் தம்பியின் வலியைக் காட்டும் தாயிடமிருந்தே பிறர் துன்பம் உணரும் அறவுணர்வு வேர்விடுகிறது. கணவரை இழந்து கூலிவேலைக்குச் செல்லும் தாய்மாருக்கு இப்பொறுமையை வெறும் அறிவுரையாக வழங்குவது நீதியன்று. அவர்கள் திரும்பும்வரை பிள்ளையின் பேச்சைக் கேட்கும் அம்மம்மாவும் முன்பள்ளி ஆசிரியையும் இவ்வளர்ப்பில் பாதியைச் சுமக்கின்றனர்.