நீரிழிவும் இருதயக் குழாய் அடைப்பும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சீனி வியாதி நகரத்தாரின் நோய் என்று எண்ணியிருந்த காலம் போய்விட்டது. நம் லயங்களிலும் அது குடியேறிவிட்டது. அந்நோய் இருதயத்தின் இரத்தக் குழாய்களை அடைத்துவிட்டபின் செய்யவேண்டிய சிகிச்சையைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். அவ்வேளையில் வீட்டார் எடுக்கும் முடிவு பெரும்பாலும் பயத்தினால் எடுக்கப்படுகிறது.

கண்டியிலோ கொழும்பிலோ அஞ்சியோகிராம் செய்து பார்த்த வைத்தியர், "மூன்று குழாய்களிலும் அடைப்பு, பைபாஸ் சத்திர சிகிச்சையே நல்லது" என்கிறார். உடனே வீட்டில், "அப்பாவின் நெஞ்சைப் பிளப்பதா? ஸ்டென்ட் வைத்தால் போதாதா? வைத்தவர்கள் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு வந்துவிடுகிறார்களே!" என்ற பேச்சு எழுகிறது. கேள்வி நியாயமானதே. அதற்குரிய விடையும் இருக்கிறது.

1967இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், காலிலிருந்து எடுத்த நாளத்தைக் கொண்டு அடைப்பைத் தாண்டி இரத்தம் ஓட வழி செய்தார் ரெனே ஃபவலோரோ. இவர் அதற்குமுன் ஆர்ஜென்டீனாவின் குக்கிராமமொன்றில் 12 ஆண்டுகள் நாட்டுப்புற வைத்தியராக இருந்தவர் என்பது நம்மவர் அறிந்து மகிழத்தக்கது. 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் இதனை இந்தியாவில் முதன்முதலாகச் செய்தார். நெஞ்சைத் திறக்காமல், குழாய்க்குள் பலூனைச் செலுத்தி அடைப்பை விரிக்கும் முறையை 1977இல் சூரிச் நகரில் குருன்ட்சிக் தொடங்கினார். விரித்த இடம் மீண்டும் சுருங்காதிருக்க வைக்கும் கம்பி வலையே ஸ்டென்ட்.

நீரிழிவுக்காரருக்கு மட்டும் ஏன் வேறு கணக்கு? மலையூற்றிலிருந்து லயத்துக்கு வரும் தண்ணீர்க் குழாயை நினைத்துக் கொள்ளுங்கள். ஓரிடத்தில் மட்டும் அடைத்தால் அவ்விடத்தைச் சரிசெய்தால் போதும். குழாய் நெடுகிலும் படிவு பிடித்திருந்தால், இன்று ஓரிடத்தைத் திறப்போம். நாளை அதற்கு மேலோ கீழோ அடைத்துக்கொள்ளும். வேறொரு குழாயை இழுத்து, அடைப்புகளுக்கெல்லாம் கீழே இணைத்துவிடுவதே புத்தி. சீனி வியாதி குழாய்களை நெடுகிலும் கெடுப்பது.

இது வெறும் உவமையன்று. பல குழாய்களில் அடைப்புள்ள 1,900 நீரிழிவு நோயாளரை இரு பிரிவாக்கிச் செய்த 'ஃப்ரீடம்' ஆராய்ச்சி 2012இல் வெளியாயிற்று. ஐந்தாண்டுகளில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 100க்கு 16 பேரும், பைபாஸ் செய்தவர்களில் 11 பேரும் இறந்தனர். மாரடைப்பு வந்தவர் முறையே 14 பேர், 6 பேர். மறுபக்கத்தை மறைத்தல் முறையன்று: பக்கவாதம் ஸ்டென்ட் பிரிவில் 2 பேருக்கு வந்தது, பைபாஸ் பிரிவில் 5 பேருக்கு வந்தது.

ஆகவே எல்லாருக்கும் பைபாஸ் என்று நான் சொல்லவில்லை. ஒரே குழாயில் அடைப்புள்ளவருக்கும், கத்தியைத் தாங்காத முதியவருக்கும் ஸ்டென்ட்டே பொருத்தமாகலாம். மாரடைப்பு வந்த நேரத்திலோ ஆராய்ச்சி பேசிக்கொண்டிராமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸில் ஏற்றுங்கள். சீனி உள்ளவருக்கு நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். மலையேறும்போது புதிதாக மூச்சு வாங்குவதும், காரணமின்றி வியர்ப்பதும் அதன் அறிகுறிகளாகலாம்.

பெரியோர்களே, உண்மையான பயம் கத்தியைப் பற்றியது மட்டுமன்று. பெயர் போடாத நாட்களைப் பற்றியதுமாகும். அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திர சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆனால் முறை வரக் காத்திருக்க நேரும். செய்தபின் நெஞ்செலும்பு பொருந்த இரண்டு மூன்று மாதம் செல்லும். அதுவரை கொழுந்துக் கூடை சுமத்தலும் கவ்வாத்து வெட்டுதலும் ஆகா. சீனி கட்டுப்படாவிட்டால் நெஞ்சுப் புண்ணும் கால் புண்ணும் ஆறா.

இங்கேதான் வாலிபர்களின் வேலை இருக்கிறது. கிளினிக்குக்குப் பெரியவரைத் தனியே அனுப்பாதீர்கள். அவருடைய கொப்பியையும் மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு உடன் செல்லுங்கள். எத்தனை குழாய்களில் அடைப்பு, இருதயத்தின் பலம் எவ்வளவு, சிறுநீரகம் எப்படி, இரண்டு முறைகளில் இவருக்கு எது, ஏன் என்று வைத்தியரிடம் பணிவாகக் கேட்டு, விடையை அந்தக் கொப்பியிலேயே எழுதி வாருங்கள். வீட்டில் கூடிப் பேசும்போது அது கையில் இருக்கட்டும்.