வானத்தில் மோதல்: பழி யார் தலையில்?

(தொழிலாளர் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விமான விபத்து என்று செய்தி வந்ததும் நாம் எல்லோரும் முதலில் கேட்பது "யார் தவறு?" என்பதைத்தான். அப்படிக் கேட்பது இயற்கை. பத்திரிகை முதலாளிகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே சடலங்களை எடுத்து முடிப்பதற்குள் குற்றவாளியைக் கொட்டை எழுத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். டெலிவிஷன்காரர்களோ மறுநாள் காலை வரைகூடப் பொறுப்பதில்லை. இந்த அவசரத்தின் விலை என்ன என்பதை ஒரு விபத்தைக் கொண்டு சற்று விவரமாகப் பார்ப்போம்.

2002 ஜூலை 1, இரவு 11.35 மணி. ஜெர்மனியின் தென்கோடியில், ஸ்விட்ஸர்லாந்து எல்லையருகே உள்ள உபெர்லிங்கன் என்ற ஊருக்கு மேலே, ஏறக்குறைய 35,000 அடி உயரத்தில் இரண்டு விமானங்கள் மோதின. ஒன்று மாஸ்கோவிலிருந்து பார்ஸிலோனாவுக்குப் போன ரஷ்யப் பிரயாணி விமானம். அதிலிருந்த 69 பேரில் பெரும்பாலோர் ஊஃபா நகரத்திலிருந்து விடுமுறைக்குப் புறப்பட்ட பள்ளிப் பிள்ளைகள். மற்றது டி.எச்.எல். கம்பெனியின் சரக்கு விமானம். அதில் இருந்தவர்கள் இரண்டு விமானிகள் மட்டுமே. மொத்தம் 71 பேர், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

முதல் இரண்டொரு நாளில் ஐரோப்பியப் பத்திரிகைகள் பலவற்றின் விரல் எங்கே நீண்டது தெரியுமா? ரஷ்ய விமானிகள் பக்கம். அவர்களுக்கு இங்கிலீஷ் போதாது, கட்டளை புரியவில்லை, சொன்னதைச் செய்யத் தாமதித்தார்கள் என்றெல்லாம் எழுதினார்கள். ஆகாயப் பாதையை நிர்வகித்த ஸ்விஸ் கம்பெனியான ஸ்கைகைடு தரப்பிலிருந்தும் அதே பாட்டுத்தான் வந்தது. பிறகு கறுப்புப் பெட்டி பேசியது. "கீழே இறங்கு" என்ற முதல் கட்டளையே மோதலுக்கு முக்கால் நிமிஷத்துக்கும் குறைவாக இருந்தபோதுதான் போயிருக்கிறது! உடனே விரல் திரும்பியது. இப்போது குற்றவாளி, ஜூரிச் கட்டுப்பாட்டு அறையில் அன்றிரவு வேலை பார்த்த மனிதர்.

அந்த வேலை எப்படிப்பட்டது? ரயில்வேயில் வேலை செய்யும் தோழர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும். ஒரே லைனில் இரண்டு வண்டி வராமல் சிக்னல் கொடுப்பவர் செய்கிற காரியந்தான். ஆனால் ரயிலை நிறுத்தி வைக்கலாம். பறக்கிற விமானத்தை நிறுத்த முடியாது. ரேடார் திரையில் ஊர்கிற புள்ளிகளைப் பார்த்து, மூன்று நான்கு நிமிஷத்துக்கு அப்பால் எது எங்கே இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்க வேண்டும். கண்ணும் காதும் ஒரு கணமும் விலகக் கூடாது.

அன்றிரவு அந்த அறையில் நடந்ததைப் பாருங்கள். வேலைக்கு வந்தவர்கள் இருவர். ஒருவர் ஓய்வுக்குப் போய்விட்டார். இது அவர் திருட்டுத்தனமாகப் போனதல்ல. இரவில் ஒருவர் உழைக்க, மற்றவர் படுத்திருப்பது பல வருஷமாக நடந்துவந்த வழக்கம். நிர்வாகத்துக்கு அது தெரியும், ஆட்சேபிக்கவுமில்லை. மிஞ்சிய ஒருவர் இரண்டு மேஜைகளைக் கவனித்தார். ஒரு மேஜையில் இந்த இரண்டு விமானங்கள். பக்கத்து மேஜையில், தாமதமாக வந்து ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபெனில் இறங்க இருந்த மூன்றாவது விமானம். அந்த விமான நிலையத்தோடு டெலிபோனில் பேச வேண்டும். ஆனால் அன்றிரவு பராமரிப்பு வேலைக்காக முக்கிய லைனைத் துண்டித்திருந்தார்கள். மாற்று லைனும் பழுது! அவர் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தார். மோதல் ஆபத்து வந்தால் திரையில் எச்சரிக்கும் வசதியையும் அதே பராமரிப்பு வேலைக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நிலையத்துச் சிப்பந்திகள் தங்கள் ரேடாரில் ஆபத்தைக் கண்டு ஜூரிச்சைக் கூப்பிட்டார்கள். லைன் கிடைக்கவே இல்லை.

அவர் தவறே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. இரு விமானங்களும் நெருங்குவதை நேரத்தில் கவனிக்கவில்லை. இடது பக்கமிருந்து வந்த சரக்கு விமானத்தை வலது பக்கம் வருவதாக ரஷ்ய விமானிகளுக்குச் சொன்னார். இரண்டும் உண்மை. ஆனால் ஒரு மனிதனை இரண்டு மேஜைக்கு நடுவே ஓடவிட்டு, டெலிபோனையும் பிடுங்கி, எச்சரிக்கையையும் அணைத்துவிட்டு, "ஏன் கவனிக்கவில்லை?" என்று கேட்பது என்ன நியாயம்?

இன்னொரு விஷயமும் உண்டு. இரு விமானங்களிலும் மோதலைத் தடுக்கும் கருவி இருந்தது. அது சரக்கு விமானத்தை இறங்கச் சொன்னது. ரஷ்ய விமானத்தை ஏறச் சொன்னது. அதே சமயத்தில் ஜூரிச்சிலிருந்து ரஷ்ய விமானத்துக்கு வந்த கட்டளை, இறங்கு என்பது! யந்திரம் ஒன்று சொல்ல, மனிதர் வேறொன்று சொன்னால் எதைக் கேட்பது? சர்வதேச விதிகள் அதில் ஒன்றுபோலத் தெளிவாக இல்லை. இது முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். 2001 ஜனவரி 31-ல் ஜப்பானில் இரண்டு பெரிய விமானங்கள் இதே குழப்பத்தால் மயிரிழையில் மோதாமல் தப்பின. ஜப்பான் சர்வதேச ஸ்தாபனத்திடம் முறையிட்டது. யந்திரம் சொல்வதையே கேட்க வேண்டும் என்று விதியைத் திட்டவட்டமாக்கியது உபெர்லிங்கனுக்குப் பிறகுதான்.

விசாரணை நிதானமாக நடந்தது. நடக்கவும் வேண்டும், ஒலிப்பதிவு, ரேடார் பதிவு, வேலை முறை எல்லாவற்றையும் வினாடி வினாடியாகப் பார்க்காமல் உண்மை வராது. ஆனால் பத்திரிகைத் தீர்ப்பு முன்பே வெளியாகிவிட்டதே! 2004 பிப்ரவரி 24-ல், மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் அந்த விபத்தில் பறிகொடுத்த ஒரு தகப்பன், கட்டுப்பாட்டு அறைச் சிப்பந்தியின் வீட்டைத் தேடிப்போய், வாசலிலேயே அவரைக் குத்திக் கொன்றார். விசாரணை அறிக்கை வெளிவந்தது அந்த வருஷம் மே மாதம். நேரத்தில் கவனிக்காததையும், ரஷ்ய விமானிகள் கருவிக்கு மாறாக இறங்கியதையும் அறிக்கை மறைக்கவில்லை. கூடவே, இரவில் எல்லா மேஜைக்கும் ஆள் இருக்கும்படி செய்யாமல் பல வருஷம் இந்த வழக்கத்தை நிர்வாகம் பொறுத்துக்கொண்டிருந்தது என்றும் எழுதியது. ஸ்கைகைடு மன்னிப்புக் கேட்டதும் அப்போதுதான். 2007-ல் ஸ்விஸ் கோர்ட்டு நிர்வாகப் பொறுப்பிலிருந்த நால்வரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. மூவருக்கு நிறுத்தி வைக்கப்பட்ட சிறைத் தண்டனை, ஒருவருக்கு அபராதம்.

மேற்கு நாட்டு முதலாளிகளின் பழக்கம் இது என்று யாரும் எண்ண வேண்டாம். 1976 செப்டம்பர் 10-ல் யூகோஸ்லாவியாவின் ஸாக்ரெப் நகரருகே இரண்டு விமானங்கள் மோதி 176 பேர் மாண்டார்கள். அங்கேயும் மேஜையில் மாற்று ஆள் நேரத்தில் வரவில்லை; ஒருவர் தனியாகத் தவித்தார். சோஷலிச சர்க்கார்தான். ஆனாலும் அந்த ஒருவருக்கே 7 வருஷ சிறை! பல நாட்டுக் கட்டுப்பாட்டுச் சிப்பந்திகள் கையெழுத்திட்டு மனுக் கொடுத்த பின் 1978-ல் விடுதலையானார்.

சரி, காலம் மாறிவிட்டதா? 2025 ஜனவரி 29 இரவு, வாஷிங்டனில் இறங்க வந்த பிரயாணி விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்கள். அங்கேயும் விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் ஒரே ஆள்தான் சேர்த்துக் கவனித்துக்கொண்டிருந்தார். மறுநாளே ஜனாதிபதி டிரம்ப் நிருபர்களிடம், பலதரப்பட்ட மக்களையும் வேலைக்குச் சேர்க்கும் கொள்கைமீது பழி போட்டார். அதற்கு ஆதாரம் எதையும் காட்டவில்லை. பத்திரிகைகளுக்கு அன்று அதுவே தலைப்பு.

மார்ச் மாதத்தில் விசாரணை வாரியம் வேறொரு கணக்கை வெளியிட்டது. அந்த விமான நிலையத்தருகே 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை ஹெலிகாப்டரும் விமானமும் அபாயகரமாக நெருங்கியது 15,214 தடவை. அவற்றில் 85 தடவை, உயரத்தில் 200 அடி இடைவெளிகூட இல்லை. இந்தக் கணக்குக்கு வேண்டிய பதிவுகள் சர்க்கார் இலாகாவின் கையிலேயே கிடந்தன. அவற்றைக் கூட்டிப் பார்த்துப் பொதுஜனங்களுக்குச் சொன்னது, 67 பேர் இறந்த பிறகு.