காது அடைச்சா எல்லாம் குறும்பிதானா?

(பிள்ளை மடுவத்தில் நடந்த கூட்டமொன்றில் நாங்கள் பேசியது)



மலையில் கொழுந்து எடுக்கும்போது "குளவி கலைஞ்சிருச்சு, ஓடுங்க" என்று ஒருத்தர் சத்தம் போட்டால், அது காதில் விழுந்தவர்தான் முதலில் ஓடித் தப்புவார். ஆகவே காது கேட்பது நமக்குச் சின்னக் காரியம் இல்லை. ஆனால் காது அடைச்சா நாம் என்ன செய்கிறோம்? "குறும்பிதான்" என்று சொல்லி ஊக்கை விட்டுக் கிண்டுகிறோம், இல்லாவிட்டால் எண்ணெய் காய்ச்சி ஊற்றுகிறோம். என்ன அடைப்பு என்று பார்த்தோமா? அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தோம்.

குறும்பி அழுக்கு இல்லை. காதுக் குழாயின் வெளிப்பக்கத் தோலில் ஊறி, தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் காக்கிறது. நாம் பேச, மெல்ல, தாடை அசைய அசைய அது தானாகவே வெளியே வந்துவிடும். பெரிய ஆளின் காதுக் குழாயே ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர்தான், ஒரு அங்குலம். அதன் முடிவில் செவிப்பறை. நெருப்புக்குச்சியும் பஞ்சு சுத்தின குச்சியும் குறும்பியை உள்ளே தள்ளி இடிச்சு வைக்கும். கிண்டக் கிண்ட அடைப்புத்தான் கூடும், பறையும் கிழியலாம்.

குறும்பி அடைப்பு என்றால் காதில் பஞ்சு வைச்ச மாதிரி மந்தமாயிருக்கும். கொஞ்சம் இரைச்சல், அரிப்பு இருக்கலாம். பீலியில் குளிச்சிட்டு வந்ததும் ஒரு காது கப்பென்று அடைச்சுப் போச்சு என்பார்கள். உள்ளே இருந்த குறும்பி தண்ணீரில் ஊறிப் பருத்ததுதான் அது. பொதுவாகக் கடும் வலி இராது. காய்ச்சல், சீழ் குறும்பியால் வருவதில்லை.

இப்போது தாய்மார் கவனமாகக் கேளுங்கள். சளி பிடிச்ச பிள்ளை ராத்திரி வீறிட்டு அழுது, காதைப் பிடிச்சு இழுத்து, காய்ச்சலும் அடிச்சா, அது பெரும்பாலும் நடுக்காதில் சீழ் கட்டியிருப்பது. பறை வெடிச்சு சீழ் வெளியே வந்ததும் வலி குறைஞ்சு பிள்ளை தூங்கிடும். நாமும் "சுகமாயிருச்சு" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் பறையில் ஓட்டை விழுந்திருக்கிறது. பலருக்கு அது தானாக மூடிக்கொள்ளும், சிலருக்கு மூடாமல் வாரக் கணக்காக ஒழுகும். "சின்னப் பிள்ளைக்கு காது ஒழுகுறது சகஜம்தானே" என்று லயத்தில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காது கேட்காமல் போவதற்கு அதுவும் ஒரு வழி. ஒழுகுற காதில் எண்ணெயோ பச்சிலைச் சாறோ விடக் கூடாது. சுத்தமான துணியைத் திரியாக முறுக்கி சீழை ஒத்தி எடுத்து, தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வாங்க. காதுக்குப் பின்னால் வீங்கி, காது மடல் முன்னுக்குத் தள்ளியிருந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான்.

இன்னொன்று, வலியும் இராது, சீழும் இராது. பறைக்குப் பின்னால் நீர் கட்டி நிற்கும். டீச்சர் கூப்பிட்டால் பிள்ளை திரும்பாது, டீவியைச் சத்தமாக வைக்கும். "மக்குப் பய" என்று அடி வாங்குவதும் அந்தப் பிள்ளைதான். அடிக்காதீங்க, காதைக் காட்டுங்க.

ஸ்டோரில் மெஷின் பக்கத்தில் வருசக் கணக்காக நிற்பவர்களுக்கு இரண்டு காதும் மெல்ல மெல்ல மந்தமாகும். 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் நாளுக்கு 8 மணித்தியாலம் நின்றால் நரம்பு கெடும். கெட்டது திரும்பாது. அதனால் காது அடைப்பான் கேட்டு வாங்கிப் போடுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

எல்லாவற்றிலும் அவசரமானது இது: ராத்திரி நல்லாப் படுத்து, காலையில் எழும்பினால் ஒரு காது கேட்கவில்லை. வலி இல்லை என்பதால் குறும்பி என்று நினைத்து ஒரு மாதம் எண்ணெய் விடுகிறோம். நரம்புக் கோளாறாக இருந்தால் முதல் சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினால்தான் பலன் கூட. தலைச்சுத்தோ, முகம் ஒரு பக்கம் கோணுவதோ சேர்ந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

குறும்பிதான் என்று பார்த்துச் சொன்னபின் வைத்தியம் லேசு. கரைக்கும் துளி மருந்தோ ஒலிவ் எண்ணெயோ இரண்டு மூன்று துளி, 3 முதல் 5 நாள். காய்ச்சிச் சுடச்சுட ஊற்றுவது வேண்டவே வேண்டாம். முதலில் அடைப்பு கூடினதுபோல இருக்கும், பயப்படாதீங்க. அதற்கும் போகாவிட்டால் இளஞ்சூட்டுத் தண்ணீரைப் பீச்சிக் கழுவுவார்கள், பச்சைத் தண்ணீர் என்றால் தலை சுத்தும். காது எப்போதாவது ஒழுகியிருந்தால், ஆபரேஷன் செய்திருந்தால், மருந்து விடுவதற்கும் கழுவுவதற்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அரைப்பேர் போயிடுமே என்று யோசிப்பீர்கள், அது நமக்கும் தெரியும். ஆனால் லைட் அடிச்சுப் பார்க்க ஐந்து நிமிசம் போதும். டிஸ்பென்சரியில் முடியாததுக்கு துண்டு வாங்கிக்கொண்டு போனால் கண்டி, நுவரெலியா, பதுளை பெரிய ஆஸ்பத்திரிகளில் காது கிளினிக் உண்டு, காசு இல்லை.

இன்றைக்கும் காது பார்க்கிற லைட் கொண்டு வந்திருக்கிறோம். காது ஒழுகும் பிள்ளைகளைக் கூட்டிவந்த அம்மாமார் முதலில் முன்னுக்கு வாங்க.