அன்னையின் கைப்பேசி

நெருளிலிருந்து விடியலில் மின்சார ரயிலேறிப் பணிக்குச் செல்கின்றோம். வீட்டில் முதிய அன்னையார் தனித்திருக்கின்றார். அவருக்குப் பெரிய திரை வேண்டுவதில்லை. எண்கள் தெளிந்த சிறு பொத்தான் கைப்பேசியே போதும்.

ஆயினும் விலையொன்றையே கருதி வாங்கிவிடலாகாது. இரண்டாந் தலைமுறைக் கருவியில் ஜியோ இணைப்பு இயங்காது. நான்காந் தலைமுறைக் கருவியே கொள்ளுதல் நன்று. 2017 ஜனவரி முதல் நாட்டில் விற்கப்பெறும் இத்தகைய கைப்பேசிகளில், 5 அல்லது 9 என்னும் பொத்தானால் அவசர உதவியை அழைக்கும் வசதி இருத்தல் வேண்டுமென்பது விதி. பல கருவிகளில் 5இன்மேல் சிறு புள்ளி புடைத்திருக்கும். கண் மங்கினும் விரல் அறியும்.

கட்டணக் கெடு முடியுமுன் புதுப்பிப்போம். நம் எண்ணை மராத்திய அயலாருக்கும் விளங்குமாறு சுவரில் எழுதிவைப்போம். அவர் அழைக்கையில், எத்துணைப் பணியிருப்பினும், நாம் எடுத்துப் பேசவும் வேண்டுமன்றோ!